ஒத்துப்போன எண்கள்

அத்தியாயம் 17

கோபம் வந்தால் கறாருக்கு முதலில் காது சூடாகும். அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்குக் காலை ஒன்பதேகாலுக்கே காது கொதித்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

போன வாரம் அவளை நாம் நல்ல மாதிரியாகத்தான் விட்டுவிட்டு வந்தோம். ஒன்பதாம் தொகுதி ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்து, முப்பது ஜோடியும் அழகாக ஒத்துப்போய், ‘தரம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாளே, அதே கறார்தான். அது நடந்து பத்து நாள் ஆகிறது.

புதிதாக வண்டி ஏறியவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பதாயிரம் பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து, யாருக்கு எந்த நோய் எதனால் வருகிறது என்று பார்க்கிற பெரிய ஆய்வு அது. ரத்தம் எடுப்பது ஆய்வு அலுவலகம். அளப்பது வெளியே ஒரு லேப். அந்த லேப் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்ப்பது கறாரின் வேலை. பெயர் வைத்தது அவள் கணவர் வாத்தியார். விளையாட்டாக வீட்டில் வைத்த பெயர் எப்படியோ ஆபீஸ் வரை வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் லேப்பை வேவு பார்க்கும் விதம் எளிது. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாயில் ஊற்றுவாள். இரண்டு வெவ்வேறு எண் ஒட்டி, இரண்டு வெவ்வேறு ஆட்கள் போல அனுப்பிவிடுவாள். இரண்டுக்கும் ஒரே அளவு வந்தால் லேப் பாஸ். கன்னாபின்னாவென்று வந்தால் ஃபெயில். எந்த எண்ணுக்கு எது ஜோடி என்கிற பட்டியல் அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது.

அதே லேப்பில்தான் அவள் தங்கை வேலை பார்க்கிறாள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் அளக்கும் மெஷினே சின்னவள் பொறுப்பு. ஆரம்பத்திலேயே ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரம்மா கேட்டார்: “உன் தங்கச்சி இருக்கிற இடத்தை நீ செக் பண்றது சரியா வருமா?”

“என் நிழலுக்குக்கூட லிஸ்ட் தெரியாது டாக்டர்” என்று மார்தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தவள் கறார்.

அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால்தான் இன்று காது கொதித்தது.

நடந்தது இதுதான். சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். ஃபெயிலான முதல் இரண்டைத் தவிர மற்ற ஏழு தொகுதிக்கும் சேர்த்து லேப்புக்கு நற்சான்றிதழ் தரவேண்டும். அதில் கறார் கையெழுத்து. எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று இரும்பு பீரோவைத் திறந்து பெரிய பதிவேட்டை எடுத்தாள். பத்து நாளைக்கு முன் அவள் சரிபார்த்தது இதை வைத்து இல்லை. வீட்டில் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கும் பழுப்பு நோட்டை வைத்து. ஆபீஸில் ஆளாளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள் என்று, ஜோடிப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுவாள். விதிப்படி அது தப்பு. பட்டியல் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ‘வீட்டில் யார் இருக்கிறார்கள்’ என்பது அவளுடைய நியாயம்.

நோட்டில் 4817-க்கு ஜோடி 4862.

பதிவேட்டில் 4862 சிவப்பு மையில் அடித்திருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே: ‘எண் வேறு நபருக்குத் தரப்பட்டது. ஜோடி 4890.’

பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. ரத்தம் எடுத்த அன்று ஸ்டிக்கர் தாளில் தண்ணீர் கொட்டி நாலு எண் நாசமாகிவிட்டது. விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றில் வரிசையில் நின்ற ஒரு ஆள், “ஒரு சீட்டுக்காக என்னைப் பட்டினி போட்டே கொல்லப் போறீங்களா?” என்று கத்தினார். ஜோடிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த 4862-ஐ உரித்து அவர் குழாயில் ஒட்டி அனுப்பிவிட்டாள். 4817-இன் இரட்டைக்கு 4890 என்று புது எண் போட்டாள். பதிவேட்டில் திருத்தினாள். வீட்டு நோட்டில் திருத்த மறந்துபோனாள்.

ஆகவே 4817 ஒரு ஆள். 4862 முற்றிலும் வேறொரு ஆள்.

லேப் முடிவை எடுத்துப் பார்த்தாள். 4817-க்குச் சர்க்கரை 94. 4862-க்கு 95.

தற்செயலாக இருக்கலாம். கொழுப்பைப் பார்த்தாள். 187, 187. உப்பு, யூரியா, இன்னும் எட்டு அளவு. ஒன்றுவிடாமல் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. ஆனால் உண்மையான ஜோடியான 4890-க்குச் சர்க்கரை 117. ஒரே ஆளின் ஒரே ரத்தம், ஒரு குழாயில் 94, இன்னொன்றில் 117.

நிஜ ஜோடி ஒத்துப்போகவில்லை. பொய் ஜோடி ஒத்துப்போகிறது. இதற்கு ஒரே அர்த்தம்தான். லேப் கையில் பட்டியல் இருக்கிறது. அதுவும் பதிவேட்டுப் பட்டியல் இல்லை. தையல் மெஷின் டிராயரில் இருக்கிற நோட்டின் பட்டியல்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒரு குழாயைத் தனியாக உறையவைத்திருப்பார்கள். மூன்று எண்ணின் குழாயையும் ஐஸ் பெட்டியில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவசரப் பிரிவு மெஷினில் போட்டு, பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தாள். பதினோரு மணிக்கு முடிவு கையில்.

4817-க்கு 95. 4890-க்கு 96. நல்ல மெஷினில் ஜோடி எப்படிச் சேரவேண்டுமோ அப்படிச் சேர்ந்திருந்தது.

4862-க்கு 318.

வெறும் வயிற்றில் முன்னூற்றுப் பதினெட்டு. அந்த ஆளுக்குத்தான் தொண்ணூற்றைந்து என்று அச்சடித்து, ‘உங்கள் ரத்தச் சர்க்கரை இயல்பான அளவில் உள்ளது’ என்று கடிதம் போயிருக்கிறது. கீழே ‘தரம் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு கையெழுத்து. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

4862 யார் என்று பார்த்தாள். ஐம்பத்தொரு வயது. தொழில்: பஸ் டிரைவர்.

ஆய்வில் பங்கேற்பவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கென்றே அலுவலகத்தில் ஒருத்தி உண்டு. எல்லோருக்கும் அவள் போன் அக்கா. “அக்கா, இந்த வீட்டுக்குப் போடுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க.”

எடுத்தது டிரைவரின் மனைவி. ரொம்பச் சந்தோஷமான குரல்.

“ஆமாங்க, கடுதாசி வந்துச்சு. அஞ்சு வருசமா மாத்திரை, மாத்திரைன்னு அலுத்துப்போயிருந்தாரு. சரியாயிடுச்சு பாருன்னு சொல்லி அன்னைக்கே நிறுத்திட்டாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்.”

கறார் கண்ணை மூடிக்கொண்டாள். “இப்ப எங்கம்மா இருக்காரு?”

“காலையில ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிட்டாரே. வண்டியில இருக்கறப்ப போனை அணைச்சு வச்சிருவாரு.”

போன் அக்கா டிப்போவைப் பிடித்தாள். அங்கிருந்த எழுத்தர் டூட்டித் தாளைப் பார்த்து, “வண்டி வெளியே போயிருக்கு. நாலு மணிக்குத் திரும்பும். வந்ததும் ஆளை நிறுத்தி வைக்கிறேன்” என்றார். வழியில் யாரிடமாவது சொல்லி நிறுத்தமுடியாதா என்று போன் அக்கா கேட்டதற்கு, பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அங்கே மேற்கொண்டு உட்கார்ந்திருக்க கறாரால் முடியவில்லை. லேப்புக்குக் கிளம்பினாள்.

மெஷின் அறையில் ஸ்பிரிட் நெடி. சின்னவள் வெள்ளைக் கோட்டும் கையுறையுமாகக் குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மா போனபிறகு தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, படிக்கவைத்த அக்கா. மலராமல் என்ன செய்யும்?

“அக்கா! நீ இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதே.”

“4862-க்கு சுகர் எவ்வளவு?”

“தொண்ணூத்தஞ்சு. நார்மல்தான். ஏன்?”

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொன்ன பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது.

“அறுநூறு பேருடி ஒரு தொகுதியில. ஒன்பது தொகுதி அளந்தாச்சு. இந்த ஒரு நம்பர் மட்டும் எப்படி மனப்பாடம்?”

“இல்லக்கா... சும்மா ஞாபகம்...”

“மெஷின் எவ்வளவு காட்டுச்சு? நீ மாத்தறதுக்கு முன்னாடி?”

சின்னவள் கையுறையைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மறந்துபோய் நின்றாள். “முன்னூத்தி அம்பத்திரண்டு. மெஷின்தான் உளறுதுன்னு நெனச்சேன்கா. சத்தியமா! மதியத்துக்கு மேல அது எப்பவுமே ஏத்தித்தான் காட்டும். ஜோடி தொண்ணூத்திநாலுன்னா இதுவும் அதே ஆளுதானே, அப்ப எப்படி...”

“ஜோடின்னு உனக்கு யாருடி சொன்னது?”

சின்னவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அது ஜோடி இல்ல. அது ஒரு பஸ் டிரைவர். அவருக்கு நிஜமாவே முன்னூத்தி பதினெட்டு. உன் மெஷினே பெட்டர், கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் வியாதின்னாவது சொல்லிச்சு. நீதான் அந்த ஆளு வியாதியை அழிச்சிட்டு நல்லா இருக்கான்னு எழுதியிருக்க. அவர் மாத்திரையை நிறுத்திட்டாரு.”

சின்னவள் முகம் வெளிறியது. ஆனால் அவளும் அதே வீட்டுப் பெண். அழுவாள் என்று பார்த்தால் சீறினாள்.

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? முதல் தொகுதி ஃபெயில், ரெண்டாவது ஃபெயில். மூணாவதும் போச்சுன்னா வேலையை வேற லேப்புக்கு மாத்திடுவோம்னு நீதான எழுதின? மெஷின் பழசு, மாத்துங்கன்னு எங்க தலைவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம் பார்க்கலாம்னாரு. இங்க பதினெட்டு பேரு இருக்கோம். நீ ஒரு பேனாவை வச்சு பதினெட்டு பேரையும் தெருவுக்கு அனுப்புவ. உன்கிட்ட வந்து நான் அழ முடியுமா? நீதான் கறாராச்சே!”

“அதுக்காக என் வீட்டு டிராயரைத் திறந்து திருடுவியா?”

“நான் திருடலை!” என்று சின்னவள் கத்தினாள். “உன் டிராயரை நான் தொட்டதே இல்ல. எனக்கு போன்லதான் வந்துச்சு. போட்டோ எடுத்து.”

“யாரு அனுப்பினா?”

சின்னவள் மிச்சமிருந்த கையுறையை இழுத்துக் கழற்றினாள்.

“யாருன்னு கேக்குறேன்.”

“அத்தான்.”

கறாரின் கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. அந்த அடி தங்கைக்கென்று கிளம்பிய அடி. இப்போது அது யாருக்கு என்று தெரியாமல் கை இறங்கியது.

“எத்தனை தடவை?”

“மூணாவது தொகுதியிலேர்ந்து எல்லாமே. ஏழு.”

பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பரீட்சை. நடையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆசிரியர் அறையில் வாத்தியார் தனியாக இருந்தார். பின்னால் அரக்கு முத்திரை வைத்த கேள்வித்தாள் கட்டுகள் இருக்கும் அலமாரி. சாவி அவர் இடுப்பில். அந்தச் சாவியில் அவருக்கு எவ்வளவு பெருமை என்பது நமக்குத்தான் தெரியுமே. சொந்த அண்ணன் மகளுக்கே ஒரு கேள்வி சொல்லமாட்டேன் என்று சொல்லி, இரண்டு வருடம் அண்ணன் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த மனுஷன்.

“என்ன கறாரு, இந்த நேரத்துல...”

“அந்தச் சாவியைக் குடுங்க.”

“எந்தச் சாவி?”

“அலமாரிச் சாவி. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. எங்க ஆபீஸ் வாட்ச்மேன் பொண்ணு எழுதுது. பாவம், நேத்து ஒரே அழுகை. ஒரு பேப்பர்தானே, எடுத்துக்கிட்டுப் போறேன்.”

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். அவள் முகம் சிரிக்க விடவில்லை.

“விளையாடாதே. அதெல்லாம் தொடக்கூடாது.”

“ஏன் கூடாது?”

“ஏன்னா என்ன கேள்வி இது? பரீட்சைக்கு முன்னாடி கேள்வி தெரிஞ்சா அது பரீட்சையா?”

“அப்படியா?” என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. கறாரின் குரல் இறங்கினால் ஓடி ஒளிந்துகொள்ளவேண்டும் என்பது இருபது வருடக் குடித்தனத்தில் அவர் கற்ற பாடம். “அப்ப நான் வைக்கிற பரீட்சைக்கு மட்டும் ஏழு தடவை கேள்வித்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினீங்களே, அது எந்த ஊரு நியாயம்?”

வாத்தியார் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவ ஒரு நாள் நீ இல்லாதப்ப வந்து உட்கார்ந்து அழுதா. வேலை போயிடும்னா. நம்ம கையில வளர்ந்த பொண்ணு. எனக்கு மனசு கேக்கலை. வெறும் நம்பர்தானே, இதனால யாருக்கு என்ன நஷ்டம்னு...”

“வெறும் நம்பரா? ஒரு மனுஷன் மாத்திரையை நிறுத்திட்டு பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கான்! இன்னைக்கு அந்த வண்டியில எத்தனை பேரு இருக்காங்கன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க, வாத்தியார்தானே நீங்க! முதல் தடவை மனசு கேக்கலை, சரி. ரெண்டாவது தடவை? ஏழாவது தடவை? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அந்த நோட்டை மூடி வச்சிட்டு அடுப்படிக்குப் போவேன். நீங்க டிராயரைத் திறப்பீங்க. அப்புறம் வந்து உட்கார்ந்து நான் போட்ட டீயைக் குடிப்பீங்க. எப்படிங்க தொண்டையில இறங்குச்சு?”

கத்தக்கூடாது என்று நினைத்துத்தான் வந்தாள். நடையின் கோடிக்குக் கேட்டிருக்கும்.

வாத்தியாருக்கும் சுருக்கென்றது. “தப்புதான். ஆனா அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு? வரக்கூடாத பொருளை நீ கொண்டுவந்து டிராயர்ல வச்சே. பூட்டுகூடப் போடலை.”

அது சரியான இடத்தில் போய் விழுந்தது. கறார் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபத்துக்கு ஆள் தேடி லேப்புக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கு வந்து, கடைசியில் அது தன் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதே என்று இருந்தது.

வாத்தியார் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “இப்ப என்ன பண்ணப்போறே?”

“நாலு மணிக்குக் கூட்டம். எழுதிக் குடுக்கணும்.”

“மெஷின் கோளாறுன்னு எழுது. அது பொய் இல்லையே? ஒன்பதாம் தொகுதி செல்லாதுன்னு சொல்லு, திரும்ப அளக்கட்டும். டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லிடலாம். வீட்டை எதுக்கு இழுக்கணும்? அவ வேலையும் போயி, உன் வேலையும் போயி... இந்தச் சாவியை என்கிட்டேயிருந்து வாங்கிடுவாங்க, கறாரு. நான் வெளியே தலைகாட்ட முடியாது.”

பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருப்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“ஒரு தொகுதியை மட்டும் சொன்னா ஒரு தொகுதியைத்தான் திரும்ப அளப்பாங்க. லிஸ்ட் போனது ஏழு தொகுதிக்கு. நாலாயிரத்து இருநூறு பேரு. அந்த ஓட்டை மெஷின்ல அளந்து, ஜோடியை மட்டும் திருத்தி, மத்த எல்லாத்தையும் அப்படியே விட்டிருக்காங்க. யாருக்குச் சரியா இருக்கு, யாருக்குத் தப்பா இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஏழையும் நிறுத்தணும்னா லிஸ்ட் கசிஞ்சதைச் சொல்லித்தான் ஆகணும். கசிஞ்சது எங்கேயிருந்துன்னு கேப்பாங்க.”

“நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?”

கறார் எழுந்தாள். “எனக்குத் தெரியும்ங்க. உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடணும்.”

கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

நாலு மணிக் கூட்டத்தில் நாலே பேர். பெரிய டாக்டரம்மா, குறிப்பெடுக்கும் உதவியாளர், கறார், அப்புறம் லேப் தலைவர். இந்த மனிதருக்கு ஆபீஸில் வைத்த பெயர் சிரித்தமுகம். செத்த வீட்டுக்குப் போனாலும் பல் தெரியும். இப்போதும் தெரிந்தது. சின்னவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். அவர் முந்திக்கொண்டார்.

“டாக்டர், ஒரு சின்ன விஷயம். ஒன்பதாம் தொகுதியில மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணியிருக்கு. நாங்களே கண்டுபிடிச்சிட்டோம். அந்த ஒரு தொகுதியைத் திரும்ப அளந்து குடுத்துடறோம். மத்தபடி சான்றிதழ்ல மேடம் கையெழுத்துப் போட்டுடலாம்.”

“ஏழு தொகுதி” என்றாள் கறார்.

“ஒண்ணுதான் மேடம்.”

“ஏழு. மூணுலேர்ந்து ஒன்பது வரைக்கும். உங்களுக்கு ஜோடிப் பட்டியல் முன்கூட்டியே கிடைச்சிருக்கு. மெஷின் காட்டினதை அடிச்சிட்டு, ஜோடிக்கு ஜோடி ஒத்துப்போகிற மாதிரி எழுதியிருக்கீங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். சிரித்தமுகம் சிரிப்பை விடவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அக்கறையோடு சொல்வதுபோல, “மேடம், நல்லா யோசிச்சுப் பேசுங்க. அந்தப் பட்டியல் எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். விதியை மீறினது யாரு, குடும்பத்துல யாரு யாருக்கு என்ன அனுப்பினாங்க... எதுக்கு வீட்டு விஷயத்தையெல்லாம் இங்க?” என்றார்.

இத்தனை நேரம் அடக்கி வைத்தது ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் கையில் இருந்த தாளை டாக்டரம்மா பக்கம் நகர்த்தாமல், நேராகச் சிரித்தமுகத்தின் முன்னால் வைத்தாள்.

“முதல் வரியைப் படிங்க சார். சத்தமா.”

அவர் பார்த்தார். படிக்கவில்லை. டாக்டரம்மா கையை நீட்டித் தாளை வாங்கித் தானே படித்தார்.

“‘ஜோடிப் பட்டியல் என் வீட்டிலிருந்து வெளியே போனது. விதியை மீறி அதை வீட்டுக்குக் கொண்டுபோனவள் நான். அதை லேப்பில் வேலை செய்யும் என் தங்கைக்கு அனுப்பியவர் என் கணவர். என் கையெழுத்தில் போன ஏழு தொகுதிக் கடிதங்களும் செல்லாது. இன்றே ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லவேண்டும்.’”

சிரித்தமுகத்தின் பல் முதல்முறையாக மறைந்தது. அவர் வாயை மூடினால் முகம் எப்படி இருக்கும் என்று அந்த அலுவலகத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நன்றாக இல்லை.

“இன்னும் இருக்கு டாக்டர்” என்றாள் கறார். “மெஷினை மாத்துங்கன்னு என் தங்கச்சி பலமுறை கேட்டிருக்கா. இவர் மாத்தலை. ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அவ பண்ணது தப்பு, அதுக்கு அவ பதில் சொல்லட்டும். ஆனா அவ தலையில மட்டும் கட்டிட்டு இவர் நழுவக்கூடாது.”

டாக்டரம்மா தாளை மூடிவைத்தார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. “நாளையிலேர்ந்து நீ இந்த வேலையில இருப்பியான்னு என்னால சொல்ல முடியாது.”

“தெரியும் டாக்டர். இன்னைக்கு இருக்கேன் இல்ல? அந்தக் கடிதத்தையெல்லாம் திரும்ப வாங்கற வேலையை இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன். முதல் நம்பர் 4862. அவர் இந்நேரம் டிப்போவுக்கு வந்திருப்பாரு.”

கதவைத் தட்டாமலே போன் அக்கா உள்ளே வந்தாள். கூட்டம் நடக்கும் அறைக்குள் இப்படி வருகிறவள் இல்லை. கையில் போனை வாய்ப்பக்கம் பொத்திப் பிடித்திருந்தாள்.

“வந்துட்டாரா?” என்று கேட்டுக்கொண்டே கறார் எழுந்தாள்.

“வண்டி வந்துடுச்சும்மா. இறங்கினது வேற டிரைவர். டூட்டித் தாள்ல பேரு இருக்குன்னு, ஆளு வந்தாரான்னு பார்க்காமலே அந்த எழுத்தர் காலையில சொல்லிட்டாராம். நம்ம ஆளு இன்னைக்கு டிப்போவுக்கே வரலையாம்.”

“என்னக்கா சொல்றீங்க? ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிட்டாருன்னு அந்தம்மா சொன்னாங்களே!”

போன் அக்கா பொத்தியிருந்த போனை நீட்டினாள்.

“அந்தம்மாதான் லைன்ல இருக்காங்க. அவர் எங்கேன்னு உங்ககிட்ட கேக்குறாங்க.”